வெள்ளைக் களிமண் தேடிய சித்திரப் புத்தகம்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கு முறை படித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணையும் அவள் தாயாரையும் அழைத்துக்கொண்டு ரெங்கம் தோட்டத்துக்கு வருவதாகவும், அச்சடித்து வந்த முதல் பத்திரிகையைத் தாம்பூலத்தோடு அம்மாவின் சமாதியில் வைத்து அழைத்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். நல்ல எண்ணம். “அந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது அப்பா, இரண்டாகக் கவைத்த மரம்” என்றும் எழுதியிருந்தாய். நான்கு முறையும் அந்த வரியோடு நின்றுவிட்டேன். மூன்று நாளாகப் பதில் எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். சுற்றி வளைத்து எழுதினால் நடுவில் கோழையாகிவிடுவேன் என்று என்னை எனக்குத் தெரியும் என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். உன் அம்மா அந்த மரத்தடியில் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், உனக்குப் பதினைந்து வயதில், நான் உன்னைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியது பொய் இடம். மெய்யான இடம் எனக்கும் தெரியாது.

இந்தக் கடிதத்தோடு ஒரு சித்திரப் புத்தகமும் தபாலில் வரும். நானே தாள்களை வெட்டித் தைத்தது. அந்த ஒன்பது வருஷமும் நான் என்ன செய்தேன் என்பது அதில் இருக்கிறது. அதைப் பார்த்து என்மேல் உனக்கு இரக்கம் வர வேண்டும் என்பதற்காக அனுப்பவில்லை. வேறு சாட்சி என்னிடம் இல்லை, அவ்வளவுதான்.

உன் அம்மா காய்ச்சலில் போனபோது உனக்கு ஆறு வயது. இந்த ரப்பர் தோட்டத்தில் சாகிறவர்களைப் புதைக்க ஆற்றோரமாக ஓர் இடம் இருந்தது. பால் வெட்டுகிறவர்கள், புல் வெட்டுகிறவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான். அவளை அங்கே கொண்டுபோகலாம் என்று கங்காணி வந்து சொன்னபோது, நான் வேண்டாம் என்றேன். நான் கிராணி. ஆபீசில் நாற்காலியில் உட்காருகிறவன், காலேஜ் வாசல் மிதித்தவன். என் மனைவி கூலிக்காரர்களுக்கு நடுவில் படுப்பதா என்று நினைத்தேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனால் அன்றைக்கு நினைக்கக் கூசவில்லை. ஆற்றுக்கு எதிர்ப்பக்கம், இன்னும் காடு அழிக்காத சரிவில், தனியாக ஓர் இடம் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் மலை தெரிந்தது. ரயில் வண்டிப் புகை தெரிந்தது. துரையிடம் அனுமதி கேட்கவில்லை. வாழ்நாளில் அனுமதி கேட்காமல் நான் செய்த ஒரே காரியம் அது. ஐந்தடிக்குக் கீழே வெள்ளைக் களிமண் வந்தது. வெட்டியவர்கள் அதை மேலே வாரிப் போட்டார்கள். என் சப்பாத்தில் அது ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் கழித்தும் போகவில்லை.

அவளைக் குளிப்பாட்டிச் சேலை கட்டிவிட்டது அஞ்சலை. கூலிக்காரர்களின் லயத்தில் மூன்றாம் வீட்டுக்காரி, பால் வெட்டுகிறவள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாடையின் பின்னால் சரிவு வரைக்கும் வந்தவளும் அவள்தான். உனக்கு அவளை நினைவிருக்காது. அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நான்கு வருஷம் கழித்து, உன்னை ஜொகூர் பாருவில் மாமா வீட்டில் விட்டுப் படிக்கவைத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்தச் சரிவைப் புது நடவுக்கு எடுத்தார்கள். பிளான் வரைவது என் வேலை. பழைய பிளானை மெழுகுத்துணியில் படியெடுத்து, புதிதாக அழிக்கப்போகும் காட்டை மை போட்டுக் காட்ட வேண்டும். வெளிவேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் என் மேசையில் சாய்ந்துகொண்டு, “இதுல விட வேண்டியது ஏதாச்சும் இருக்கா கிராணியாரே? கோயில், கெணறு, பாம்புப் புத்து? அப்புறம் கன்னு நட்டப்புறம் வந்து அழுவாதீங்க” என்று சிரித்தார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். துரை உள்ளே வந்து அதையே ஆங்கிலத்தில் கேட்டார். என் பேனா அந்தச் சரிவின்மேல்தான் இருந்தது. சொன்னால், யாரைக் கேட்டுப் புதைத்தாய் என்று கேட்பார். நான்கு வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். நாளைக்குத் தனியாகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். “ஒன்றுமில்லை, ஐயா” என்றேன்.

அதே பிளானில் ஆற்றோரத்துப் புதைகாடும் நடவுக்குள் வந்துவிட்டது. அது என் பிழையல்ல. துரையே அப்படி எல்லை போட்டிருந்தார். ஆனால் லயத்துக்குச் செய்தி எட்டிவிட்டது. மறுநாள் காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு ஒருவரும் வரவில்லை. ஆண், பெண், குழந்தை எல்லாரும் புதைகாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அஞ்சலை ஒரு அம்மிக்குழவியை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் இருந்தாள் என்று சொன்னார்கள். யாரும் கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். மரத்தில் பால் ஒரு நாள் வீணானது. மத்தியானத்துக்குள் துரை ஆபீசுக்கு வந்து, “அந்த இடத்தைச் சிவப்பு மையில் கட்டம் போட்டு விட்டுவிடு” என்றார். நான்தான் கட்டம் போட்டேன். கட்டத்துக்கும் அம்மாவின் சரிவுக்கும் நடுவில் பிளானில் இரண்டு அங்குலம். மை ஈரமாக இருந்தது. துரை பக்கத்திலேயே நின்றார், அன்றைக்கு இளகியும் இருந்தார். ஐயா, இங்கேயும் ஒரு சின்னக் கட்டம் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் மையொற்றும் தாளை எடுத்து ஒற்றினேன்.

அவர்களோடு அவளைப் புதைத்திருந்தால், அவர்கள் அவளுக்காகவும் உட்கார்ந்திருப்பார்கள். தனியாக வைத்தேன், அவளுக்காக உட்கார என்னைத் தவிர ஆள் இல்லை. நான் உட்காரவில்லை.

காட்டை வெட்டித் தீ வைத்த மாதம் முழுவதும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு போனபோது சரிவே மாறியிருந்தது. படிக்கட்டுபோல மண் வெட்டி, படியெல்லாம் ரப்பர் கன்றுகள். நான் அடையாளம் வைத்திருந்த பெரிய மரம் இல்லை, பாறை உருண்டு எங்கோ போயிருந்தது. நீ லீவில் வரும்போதெல்லாம் அம்மா இடத்துக்குப் போகலாம் என்பாய். மழை என்பேன், வழுக்கும் என்பேன், அட்டை என்பேன். பதினைந்து வயதில் நீ விடவில்லை. “இன்னிக்குப் போய்த்தான் ஆகணும் அப்பா” என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாய். நான் முன்னால் நடந்தேன். ஏறும்போதே எந்த மரம் என்று யோசித்துக்கொண்டு ஏறினேன். கவைத்த மரம் ஒன்று கண்ணில் பட்டது. மற்றவற்றைவிட எளிதாக நினைவில் நிற்கும், அடுத்த முறையும் நான் மாற்றிக் காட்டிவிட மாட்டேன் என்றுதான் அதைத் தேர்ந்தேன். பொய்யிலும் எனக்கு ஒழுங்கு வேண்டியிருந்தது, பார். நீ அங்கே விழுந்து கும்பிட்டாய். உன் நெற்றியில் சிவப்பு மண் ஒட்டியது. நான் துடைத்துவிட்டேன்.

நீ ரயிலேறிய மறுநாள் புத்தகத்தைத் தைத்தேன். பிளானில் தேட முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. பிளான் மேலிருந்து பார்ப்பது. அன்றைக்கு நான் அங்கே பாடைக்குப் பின்னால் நடந்து போனவன். நடந்தவன் கண்ணுக்குத் தெரிந்ததை வரைந்தால், மலை எந்தத் தோளில் தெரிந்தது, புகை எந்த மரத்துக்கு இடப்பக்கம் எழுந்தது என்று ஒவ்வொன்றாகச் சரிப்பட்டு, கடைசியில் கால் நின்ற இடம் தானாக விழும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் பத்துப் பக்கங்கள் வெறும் நீர்வண்ணம். சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த வண்ணக் கட்டிகள். இந்த ஊர் ஈரத்தில் பூசிய வண்ணம் காய்வதில்லை. ஒரு மணி நேரத்தில் மலை வானத்துக்குள் கரைந்துவிடும்; ஒரு மாதத்தில் வானத்தில் பூஞ்சணம் பூத்துவிடும். பெட்டியில் இருந்த பச்சை வேறு ஏதோ நாட்டுப் பச்சை. அதனால் இங்கே கிடைப்பதையே எடுத்தேன். கடுங்காப்பியைத் தாள் முழுக்கத் தடவி வெண்மையைக் கொன்றேன். காய்ந்ததும் அடுப்புக்கரியால் எரிந்த அடிமரங்கள். மழை மினுங்கும் இடங்களில் மெழுகுவத்தியால் கோடு போட்டு, மேலே கறுப்பு மையைத் தண்ணீரில் கலந்து ஓட்டினால், மெழுகு மையை ஏற்காமல் தள்ளிவிடும். சாய்வாகப் பெய்கிற மழை அப்படியே நிற்கும். இலையைத் தாளுக்கு அடியில் வைத்துக் கரியால் தேய்த்தால் நரம்பெல்லாம் ஏறிவரும். மெல்லிய தாளைக் கசக்கிக் கஞ்சிப்பசையில் ஒட்டி அதன்மேல் துணிக்குப் போடும் நீலத்தைத் தேய்த்தால் தூரத்து மலை மடிப்பு. பன்னிரண்டாம் பக்கத்தில் மலையைக் கரப்பான் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு பசையில் மயில்துத்தம் கலந்தேன். ரயில் பாதைக்குக் கறுப்பு நூலையே தைத்தேன். உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சில பக்கங்களில் நான் எதைத் தேடுகிறேன் என்பதையே மறந்து, மழை நன்றாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்திருக்கிறேன்.

முப்பத்தொன்றாம் பக்கம் பெரியது, மடித்து வைத்தது. அவளைப் புதைத்த நாளின் சரிவு முழுவதும் அதில் இருக்கிறது. அவள் இருக்கும் இடம் சரியாகத் தெரியாததால், அவள் இருக்கலாம் என்று தோன்றிய அளவுக்கு மட்டும் தாளில் ரப்பர் பாலைப் பூசினேன். பால் உறைந்து தோலாகும். அதன்மேல் என்ன வண்ணம் ஓட்டினாலும் கீழே தாள் வெள்ளையாகக் காத்திருக்கும். பிறகு விரலால் உரித்துவிடலாம். இடம் உறுதியான அன்றைக்கு உரித்து, அங்கே அவளை வரையலாம் என்று வைத்தேன். பாலை ஒரே நாளில் உரித்துவிட வேண்டும். நான் வருஷக்கணக்கில் வைத்தேன். அது பழுப்பாகிப் பிசினாகிவிட்டது. உரித்தபோது தாளும் சேர்ந்து வந்தது. அந்தப் பக்கத்தில் ஓட்டைதான் இருக்கிறது. பூச்சி அரித்தது என்று நினைத்துவிடாதே.

அதற்குப் பிறகுதான் மண்ணுக்கு வந்தேன். உனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம், எனக்கு அது நம்பிக்கையாக இருந்தது. சரிவின் மேல்மண் சிவப்பு. ஐந்தடிக் குழி வெட்டிய இடத்தில் மட்டும் வெள்ளைக் களி மேலே வந்திருக்கும். எங்கே மண் வெளுத்திருக்கிறதோ அங்கே அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு படி என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு சிட்டிகை மண் எடுத்துப் பொட்டலம் கட்டி எண் போட்டு, வீட்டில் அதைச் சலித்துப் பிசினில் குழைத்து, தபால்தலை அளவுக் கட்டங்களில் பூசினேன். புத்தகத்தின் பின்பாதி முழுவதும் இந்தக் கட்டங்கள்தான். சூரிய வெளிச்சத்தில் வைத்துப் பார், சிவப்பில் எத்தனை சிவப்பு என்று நீயே ஆச்சரியப்படுவாய். ஒரு ஞாயிறு ஒரு கட்டம் வெளுப்பாக வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அடுத்ததும் வெளுப்பு. அதற்கடுத்ததும். அந்தப் படி முழுவதும் வெளுப்பு.

வயதான கங்காணியைப் பிடித்துக் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “வெளுக்காம? சரிவ மூணடிக்கு வெட்டி இறக்கினோம். அப்புறம் கன்னு ஒண்ணுக்கு ரெண்டடிக் குழி. அடிமண்ணு பூரா மேலதான். ஏன் கிராணியாரே, எல்லாம் ஒங்க பிளான்லயே இருக்கே, ஒங்க கையெழுத்துதானே?” என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே என் கையெழுத்துதான். குழியின் அளவுகூட ஓரத்தில் அழகாக எழுதியிருந்தேன். இப்போது ரப்பர் விலை விழுந்து, அந்தச் சரிவில் பால் வெட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். மரங்கள் சும்மா நிற்கின்றன. எதற்காக அவளை மூடினார்களோ அந்தக் காரியமும் நடக்கவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் அஞ்சலையிடம் போனேன். இத்தனை வருஷம் ஏன் போகவில்லை என்று நீ கேட்பாய். அவளைக் கேட்டால், என் மனைவி கிடக்கும் இடம் எனக்குத் தெரியாது என்று ஒரு கூலிக்காரியிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு காரணம் இல்லை. தலை நரைத்து, இப்போது மருமகள் வீட்டில் இருக்கிறாள். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். அவள் சுளகை நிறுத்தவில்லை.

“தம்பிக்குக் கல்யாணமா? நல்லது. பொண்ணு எந்த ஊரு?”

“ஜொகூர் பாரு.”

“ஒங்கள மாதிரி வாயத் தெறக்காத பொண்ணா, இல்ல பேசுமா?”

பேசும் என்று கேள்வி என்றேன். “பொழச்சான் பய” என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: “தம்பி பெரிய பிள்ளையா வந்தப்ப, நீங்க அவன வேற பக்கமாக் கூட்டிக்கிட்டு ஏறினீங்க. நான் அங்கதான் புல்லு வெட்டிக்கிட்டு இருந்தேன். கவட்ட மரத்துக்கிட்ட அவன் விழுந்து கும்பிட்டான். பார்த்தேன்.”

“பார்த்தாயா?”

“படிச்சவங்க வேற ஏதோ சாமி கும்பிடுறாங்கன்னு நெனச்சேன். அம்மா இருந்தது அதுக்கு மேல. படி வெட்டி முடிச்ச மறுநாளே நான் ஒரு குரோட்டன் கொம்ப ஒடிச்சு நட்டிருந்தேனே. செவப்பு குரோட்டன். அன்னிக்கும் இருந்துச்சு, இடுப்பு ஒசரம்.”

அன்றைக்கு இருந்திருக்கிறது, தம்பி. நீயும் நானும் நின்ற இடத்திலிருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

“ஏன் சொல்லவில்லை?” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

சுளகு நின்றது. “நீங்க கேட்டீங்களா? பொதைக்கிறப்ப எங்க காடு ஒங்களுக்கு ஆகல. சரி. அப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அஞ்சல, அம்மா எடம் எப்படி இருக்குன்னு கேட்டீங்களா? வெளக்கு வெச்சிட்டு வர்றேன், பெரட்டுல எதுத்தாப்ல வர்றீங்க, தலயக் குனிஞ்சுகிட்டுப் போறீங்க. எனக்கு என்ன வந்துச்சி?” சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்து, “மறு வருசம் புதுசா வந்த புல்லுவெட்டுக்காரன் அதையும் சேத்துப் புடுங்கிட்டான். ஐயோ அலமாக், அன்னிக்கு அவன நான் திட்டின திட்டு! அதோட நானும் போறத விட்டுட்டேன்” என்றாள்.

அவளை அழைத்துக்கொண்டு சரிவுக்குப் போனேன். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. புதர் முழங்கால் வரை வளர்ந்திருக்கிறது. ஒரு மரத்தடியில் நின்று, இங்கேதான் என்றாள். பிறகு இல்லை, இன்னும் இரண்டு படி மேலே என்றாள். மேலே போனோம். திரும்பிக் கீழே பார்த்தாள், மலை தெரிகிறதா என்று பார்த்தாள். இலைக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி இறங்கினோம். கடைசியில் ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டாள். “எல்லா மரத்தையும் ஒரே மாதிரி நட்டு வெச்சிருக்காங்களே கிராணியாரே, நான் என்னத்தச் செய்வேன்” என்று சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்காவது அழ முடிந்தது.

கல்யாணம் பண்ணப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும். எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். கேட்கக் கூச்சமாக இருக்கிற கேள்வியை அன்றைக்கே கேட்டுவிடு. தெரிந்த ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்க, நான் ஒன்பது வருஷம் தாளையும் கரியையும் மண்ணையும் கேட்டுக்கொண்டிருந்தேன்; தாள் என்னை ஏளனமாகப் பார்க்காது என்பதால். உன் மனைவியை, நாம் உயர்ந்தவர்கள் என்று சொல்லி அக்கம்பக்கத்திலிருந்து பிரித்து வைக்காதே. உயிரோடு இருக்கும்போதும் வேண்டாம், பிறகும் வேண்டாம். இதெல்லாம் உனக்குப் பயன்படலாம். எனக்கு இனி எதற்கும் ஆகாது.

இந்தக் கடிதத்தைப் பெண்ணுக்கும் அவள் தாயாருக்கும் படித்துக் காட்டு. மாமனார் எப்படிப்பட்டவர் என்று பின்னால் தெரிவதைவிட முன்னால் தெரிவது மேல். அதற்குப் பிறகு நீ அந்தப் பத்திரிகையை எங்கே வைப்பாய் என்று மூன்று நாளாக யோசித்துப் பார்த்தேன். ஆற்றோரத்துப் புதைகாட்டில் வைக்கலாமா என்றால், அவள் அங்கே இல்லை, இல்லாமல் செய்தவன் நான். கவைத்த மரத்தடியில் வைத்தால் நீ என் பொய்யைக் கும்பிடுவதாகும். சரிவின் அடிவாரத்தில் பொதுவாக வைத்துவிடலாம் என்று ஒரு தாளில் எழுதினேன். படித்துப் பார்த்தபோது அதுவும் துரையிடம் நான் சொல்லும் பதில் மாதிரியே இருந்தது, கிழித்துவிட்டேன். உனக்குச் சொல்ல என்னிடம் இடம் இல்லை.

வராமல் இருந்தாலும் நான் குறை நினைக்க மாட்டேன். வருவதானால் எந்த வண்டி என்று மட்டும் எழுது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் நிற்பேன். நீங்கள் இறங்கியதும் தாம்பூலத் தட்டை ஒரு கையாக வாங்கிக்கொள்வேன். அங்கிருந்து உங்களை எந்தப் பக்கம் அழைத்துக்கொண்டு நடப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா